பியூலா அக்கா கேட்ட ஒரு பக்கம்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாக என் கைபேசியில் பியூலா அக்காவின் பெயர் வந்தது. சிவப்புத் தொப்பியோடு அவர் சிரிக்கும் அந்தச் சின்னப் படம், பக்கத்தில் ஒரு செய்தி. நான் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் எனக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்பிவந்தார்: "மலர், என்ர பக்கம் எங்க?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பருப்புக் கழுவினேன். காய்ந்த உடுப்புகளை மடித்தேன். போன வாரம் தடிமன், காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முதல் வாரம் கண்ணாடி உடைந்துவிட்டது என்று. இந்த வாரத்துக்குப் புதிதாக ஒரு சாட்டு வேண்டும். பல்வலி என்று முடிவுசெய்துகொண்டு, பதினொரு மணியளவில் செய்தியைத் திறந்தேன்.

"மலர் அன்ரி, நான் டெரக். அம்மா நேற்றுப் பின்னேரம் இறந்துவிட்டா. கடைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிடத்தில் இருந்தபடியே. மாரடைப்பு என்கிறார்கள். அம்மாவின் போனில் மேலே இருக்கிற பெயர்களுக்கு முதலில் அறிவிக்கிறேன்."

மூன்று தரம் வாசித்தேன். அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "பல்வலி" என்று தட்டத் தொடங்கினேன். கை தன்பாட்டில் அதைச் செய்தது. பாதிச் சொல்லில் நின்று, அடுப்பை அணைத்துவிட்டு, குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலமாக நான் இறந்துபோன ஒருவரிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு ஒன்பது நாளாகிறது, இன்னும் எனக்கு அது பிடிபடவில்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் தேவாலயத்துக்குப் போட்டுப்போன புதுச் சப்பாத்தைப் படமெடுத்து அனுப்பி, "வடிவோ?" என்று கேட்டிருந்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். லண்டனில், கிங்ஸ்பரியிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் செங்கல்லால் கட்டிய ஓர் இடைநிலைப் பள்ளி இருந்தது. உள்ளூராட்சிக் கவுன்சில் நடத்திய பள்ளி. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் இப்போது எந்தப் பலகையிலும் இல்லை. அறுபதுகளின் கடைசியிலிருந்து மூடப்படும்வரை அது கரீபியன் தீவுகளிலிருந்தும் பிறகு ஆபிரிக்காவிலிருந்தும் வந்த கறுப்பினக் குடும்பங்களின் பள்ளியாக இருந்தது. பியூலா அக்கா அங்கே முதலில் மாணவி, பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகச் செயலாளர். எத்தனையோ தலைமையாசிரியர்கள் வந்து போனார்கள், அவர் மட்டும் அங்கேயே இருந்தார். எங்கள் தமிழ் வீடுகளில் அந்தப் பள்ளிக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. என் வயதுக்காரர்களுக்கு அது தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியூலா அக்கா பேசியது ஆங்கிலம். கிரெனடாத் தீவின் இழுவையும் லண்டனின் வெட்டும் கலந்த ஆங்கிலம். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கேட்டதில் அது எனக்குள் எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டது. நினைவில் வருகிறபடியே எழுதுகிறேன், டெரக் பேசுவதையும் அப்படியே. "ஓம்", "வாங்கோ", "வடிவோ" மட்டும் அவர் உண்மையாகவே தமிழில் சொன்னவை. அக்கா என்று கூப்பிட வைத்ததும் அவர்தான். பள்ளிச் சமையலறையில் வேலைசெய்த எங்கள் தமிழ்ப் பெண்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "நான் உங்கள் எல்லாரையும் விட மூப்பு, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று சண்டைக்கு வந்தார்.

நான் இலங்கையிலிருந்து அகதியாக வந்து இரண்டாவது வருடம் அந்தப் பள்ளியின் உணவறையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் மூன்று வருடம் இரசாயனம் படிப்பித்தவள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். ஒரு நாள் அலுவலகத்துக் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படிந்து தடித்துப்போயிருந்தது. அதைத் தூக்கி எறியப் போனார்கள். நான் வினாகிரி ஊற்றி ஊறவைத்து, ஏன் அது கரைகிறது என்று பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணுக்கு என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பியூலா அக்கா நின்றது தெரியாது.

"நீர் என்ன படிச்சனீர்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப இஞ்ச என்ன செய்யிறீர்? பீன்ஸ் அள்ளிப் போட ஆள் கிடைக்கும். அசிட்டை அளந்து ஊத்தத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில ஆள் இல்லை."

அன்று பின்னேரமே ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கான விண்ணப்பத்தைத் தானே தட்டச்சுச் செய்து, கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு என் முன்னால் வைத்தார். பள்ளி மூடப்படும்வரை நான் பார்த்த வேலை அதுதான்.

மதிய இடைவேளையில் அவருடைய அறையில் இருந்துதான் சாப்பிடுவோம். அந்தப் பள்ளியின் கதையை நான் அங்கேதான் கேட்டேன், ஒழுங்காக அல்ல, சோற்றுக்கும் தேநீருக்கும் இடையில் துண்டு துண்டாக. பதினொரு வயதில் கிரெனடாவிலிருந்து வந்து இறங்கிய பியூலாவை, அவர் பேசுவது விளங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, மந்தமான பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். அவரைப் போல இன்னும் பலர். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை பார்த்த அவருடைய தாயார், தீவிலிருந்து கொண்டுவந்த கொப்பிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரின் மேசையில் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அடுத்த பள்ளித் தவணையில் வகுப்பு மாற்றினார்கள். பிறகு தாய்மார் எல்லோரும் சேர்ந்து தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார்கள். முதலாவது கறுப்பின ஆசிரியர் கணிதம் படிப்பிக்க வந்த நாளைப் பற்றி அக்கா சொல்லும்போது எப்போதும் சிரிப்பார்: "ஒரு கிழமை முழுக்க அவரைப் பாத்துக்கொண்டே இருந்தம். கணக்கு ஒண்டும் ஏறேல்லை."

எண்பதுகளில் கவுன்சில் பள்ளியை மூடப் பார்த்தது. ஒரு தவணை முழுக்கத் தாய்மார் ஒவ்வொரு காலையும் வாசலில் தேநீர்ப் போத்தல்களோடு வரிசையாக நின்றார்கள். பேச்சு இல்லை, கூச்சல் இல்லை, வேலைக்குப் போகும் நேரம்வரை நிற்பது. மூடவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறகு மருத்துவர்களாகவும் பஸ் சாரதிகளாகவும் அதே பள்ளியின் ஆசிரியர்களாகவும் வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

சூசனின் கதையையும் அந்த அறையில்தான் கேட்டேன். பள்ளியில் எனது முதலாவது குளிர்காலம். அக்கா சொன்னதை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்பது நாளாக எனக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

"என்ர வகுப்பில முதல் வருசம் பாதிப் பேர் வெள்ளைப் பிள்ளையள். எனக்குப் பக்கத்துக் கதிரை சூசன். ரெண்டாம் வருசம் ஒவ்வொருத்தராக் காணேல்லை. ஒரு நாள் சூசனும் வந்து, நாங்கள் மாமி வீட்டை மாறிட்டம், இனி அங்கத்தைப் பள்ளிக்கூடம்தான் எண்டாள். நான் அழுதன். அடுத்த சனிக்கிழமை எங்கட தெருமுனைக் கடையில பால் வாங்கிக்கொண்டு நிக்கிறாள், வீட்டுச் செருப்போட. மாமி வீட்டிலயிருந்து ஆராவது வீட்டுச் செருப்போட பால் வாங்க வருவினமோ?"

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, நான் ஓடிட்டன். அவள் ஓடேல்லை, நான்தான் ஓடினன். என்னைக் கண்டால் அவளுக்கு வெக்கமாப் போயிருக்கும் எல்லோ."

"என்ன சனமப்பா," என்று நான் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. சம்பலைக் குழைத்தபடி, தலையை ஆட்டி, "என்ன சனமப்பா" என்று சொன்னேன்.

அக்கா வேலை செய்த விதத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். காலையில் பள்ளி வாசலில் ஒரு சிறிய மேசை. அதில் பிந்தி வருவோர் புத்தகம். பிந்தி வருகிற யாராக இருந்தாலும் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அக்கா எழுதுவார். "காரணம் இல்லை" என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. "காரணம் இல்லாம ஒருத்தரும் பிந்திறேல்லை. கேக்கத்தான் ஆள் இல்லை," என்பார். தம்பியைப் பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டது, இருந்த ஒரே சப்பாத்து காயவில்லை, கனவு முடியவில்லை. எல்லாம் இருக்கும். ஆசிரியர்களுக்கும் விலக்குக் கிடையாது. தலைமையாசிரியர் ஒருவர் கையெழுத்து வைத்து "மனைவியோடு வாக்குவாதம்" என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளின் உடுப்பில் தைப்பதற்குப் பெயர் நெய்த நாடாக்களை அவரே வரவழைப்பார். பள்ளியில் வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அது அவருடைய அன்பளிப்பு. எங்கள் பெயர்களின் நீளத்தைப் பார்த்து, "உங்கட பிள்ளையளுக்குக் கழுத்துப்பட்டியிலதான் பேர் நெய்ய வேணும்," என்று பகிடி பண்ணுவார். ஆனால் அப்படி நெய்ய வேண்டி வந்த எங்கள் பிள்ளைகள் மிகக் குறைவு.

இனி, நான் ஒரு வருடமாக எழுதாமல் தப்பித்த இடத்துக்கு வருகிறேன்.

என் மகள் ஆரணிக்குப் பத்து வயது முடிந்து, இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிற காலம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலத்தில் நான் வேலைசெய்யும் பள்ளி. ஆரணிக்கு அதுதான் விருப்பம். என்னோடு ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம் என்பது அவளுடைய கணக்கு.

"நீர் அங்க வேலை செய்யிறது வேற, பிள்ளையை அங்க விட ஏலாது," என்றார் என் கணவர்.

"அங்க என்ன குறை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"குறை எண்டு நான் சொல்லேல்லை. சனம் என்ன கேக்கும்? உங்களுக்கு வேற பள்ளிக்கூடமே கிடைக்கேல்லையோ எண்டு கேக்கும்."

என்னிடம் பதில் இருந்தது. அந்த வகுப்பறைகளுக்குள் தினமும் போய் வருகிறவள் நான். எந்த ஆசிரியர் எப்படிப் படிப்பிக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அவரைச் சாட்டுவதில் அர்த்தமில்லை. கோவிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் "மகள் எங்க படிக்கிறா?" என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கும் நாக்கு எழும்பியிராது. இங்கே நல்ல பெயருள்ள பள்ளியில் இடம் கிடைக்க அதற்குக் கிட்ட வீடு இருக்க வேண்டும். கிங்ஸ்பரியில் அப்படியொரு பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணை மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "இதில என்ன கிடக்கு? எல்லாரும் செய்யிறதுதானே. என்ர விலாசத்தைப் போடு."

எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இதைச் செய்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். பதிவுகளை மாற்றினோம். டாக்டரை மாற்றினோம். அண்ணையின் வீட்டில் மேலே ஒரு சின்ன அறையை ஒதுக்கி, ஆரணியின் புத்தகப் பையையும் பொம்மையையும் வீட்டுச் செருப்பையும் கொண்டுபோய் வைத்தோம். கவுன்சிலிலிருந்து விசாரிக்க ஆள் வரலாம் என்று கேள்வி. ஆரணிக்குப் பதில் பழக்கினேன்.

"மாமா வீட்டில உன்ர அறை எது எண்டு கேட்டால்?"

"மேல, இடப்பக்கம்."

"எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்டால்?"

"போன வருசம்." பிறகு கேட்டாள்: "அம்மா, பொய் சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

ஆள் வந்தார், தேநீர் குடித்தார், செருப்பைப் பார்த்தார், போனார். இடம் கிடைத்தது.

பியூலா அக்காவிடம் சொல்ல வேண்டிய நாளை இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு நாள் அவருடைய அறைக்குப் போனபோது புதிய வருடத்துக்கான பெயர்நாடாப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே இருந்த பொட்டலத்தில், கடும் சிவப்பு நூலில், என் மகளின் பெயர்.

"நாங்கள் அண்ணை வீட்டை மாறிட்டம் அக்கா, கிங்ஸ்பரிக்கு. ஆரணி அங்கயே போகப்போறாள்," என்றேன்.

அவர் அந்தப் பொட்டலத்தை மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"ஓம்," என்றார். "அப்ப உமக்கு இனி பஸ் தூரம்."

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு பொய் சொன்னால் அதை நடந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பஸ் பள்ளி வாசலிலேயே நிற்கும். கிங்ஸ்பரியிலிருந்து வருகிற பஸ் மறுபுறத்தில், ரயில் பாலத்தடியில் நிற்கும். அதனால் நான் வழமையான பஸ்ஸை விட்டு, அதற்கு முன் வரும் ஏழு இருபது பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கு ஒரு தரிப்பிடம் முன்பே இறங்கி, பின்தெருக்களால் பூங்காவைச் சுற்றி, பாலத்தடிக்குப் போய், அங்கிருந்து வருவதுபோல வந்து வாசலை அடைவேன். மழையிலும் பனியிலும் அப்படித்தான். ஆரணி கிங்ஸ்பரிப் பள்ளியில் படித்த ஏழு வருடமும் அப்படித்தான். ஒரு முறை பனியில் வழுக்கி விழுந்து முழங்கையில் அடி. அக்கா தானே மருந்து போட்டுக் கட்டிவிட்டார். "நீர் கனக்க நடக்கிறீர், மலர்," என்று மட்டும் சொன்னார்.

அக்கா எந்தப் பஸ்ஸில் வருகிறார் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. நான் வரும்போது அவர் எப்போதும் வாசலில் நிற்பார். அவர் பள்ளிக்குள்ளேயே குடியிருக்கிறார் என்றுதான் பிள்ளைகள் நம்பினார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அந்த வருடம் தொடக்கம் அவர் காலையில் எட்டு, பத்து நிமிடம் பிந்தி வரத் தொடங்கினார். முழங்கால் வருத்தம் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். பிந்தி வருவோர் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதுவதை நான் இரண்டொரு முறை கண்டேன். என்ன காரணம் எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. புதிதாக வந்த தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டதாகவும், "புத்தகத்தில எழுதியிருக்கிறன், வாசியுங்கோ," என்று அக்கா சொன்னதாகவும் கதை உலாவியது.

ஆரணி படித்து முடித்த சில வருடங்களில் எங்கள் பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள். இந்த முறை வாசலில் நிற்கத் தாய்மார் இல்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிய நாளில் பின்முற்றத்துக் குப்பைத் தொட்டியில் பார்த்தால், நீள நீளமான பழைய பள்ளிப் படங்கள், புத்தகங்கள், வரவு இடாப்புகள். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். அவருக்கு அப்போது அறுபதுக்குக் கிட்ட. அவர் எடுத்துத் தர, நான் வாங்கி அடுக்கினேன். மூன்று முறை பஸ்ஸில் கொண்டுபோனோம்.

அவை பல வருடம் அவருடைய கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றை வெளியே எடுக்க வைத்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் நடந்த வருடாந்த மதிய விருந்துக்கு அக்காவை அழைத்துப் போயிருந்தேன். வழுக்கைத் தலைகளோடு எல்லோரும் பள்ளிக் கழுத்துப்பட்டி கட்டி, எழுந்து நின்று பள்ளிக்கீதம் பாடினார்கள். மேசைக்கு மேசை பள்ளி வரலாற்று மலர். அக்கா அந்த மலரை வாங்கி, ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாமலே, கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"உங்கட பள்ளிக்கூடம் உலகத்தின்ர மற்றப் பக்கத்தில கிடக்கு. இவ்வளவு பேர் பாடுகினம்," என்றார் திரும்பி வரும்போது. "என்ர பள்ளிக்கூடம் அடுத்த தெருவில கிடந்தது. ஒரு பாட்டும் இல்லை, ஒரு புத்தகமும் இல்லை."

அப்படித்தான் பள்ளி வரலாற்றுப் புத்தகத்துக்கான கோப்புத் தொடங்கியது. படித்தவர்கள், படிப்பித்தவர்கள், சமைத்தவர்கள், கூட்டியவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்தில். ஒரு பக்கத்துக்கு மேல் வாங்கமாட்டார். "முதல் பக்கத்தில ஆக்கள் நடந்ததைச் சொல்லுவினம். ரெண்டாம் பக்கத்தில தங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குவினம்," என்பார். எனக்கு மட்டும் ஒரு கேள்வியும் தந்தார்.

"உங்கட ஆக்கள் எங்களுக்குப் பக்கத்திலதான் இருந்தவை. பிள்ளையள் எங்கட வாசலைத் தாண்டித்தான் வேற பள்ளிக்கூடத்துக்குப் போனவை. ஏன் உள்ள வரேல்லை எண்டு நீர் எழுத வேணும். ஏசிறதுக்குக் கேக்கேல்லை, மலர். மற்றவைக்கு நாங்கள் எப்பிடித் தெரிஞ்சம் எண்டதும் எங்கட வரலாறுதான்."

ஓம் என்றேன். அதன் பிறகு தடிமன், கண்ணாடி, விருந்தாளிகள். மற்ற எல்லாப் பக்கங்களும் வந்து சேர்ந்துவிட்டன. அச்சுக்குப் போகாமல் அந்தப் புத்தகம் நின்றது என் ஒருத்தியால்.

போன சனிக்கிழமை மதியம் டெரக் எங்கள் வீட்டுக்கு வந்தான். அழுது வீங்கிய முகம். தாயைப் போலவே வாசலில் சப்பாத்தைக் கழற்றி நேராக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தான். கையில் தடித்த கோப்பு. அதற்கு மேல் பச்சை அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம்.

"அன்ரி, இது முடிஞ்சால்தான் எனக்கு நிம்மதி. உங்கட பக்கம் மட்டும்தான் இல்லை."

கோப்பைத் திறந்தேன். பெயர்கள் எழுதிய ஒட்டுத் துண்டுகள் வரிசையாக. என் பெயருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள், வெறுமையாக. அதில் கடும் சிவப்பு நூலில் ஆரணியின் பெயர் நெய்த அந்தப் பொட்டலம், உடைக்காமலே, ஊசியால் குத்தப்பட்டிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இந்தப் பச்சைப் புத்தகத்தில ஒரு அடையாளம் வைச்சிருக்கிறா," என்றான் டெரக். "மலர் தன்ர பக்கத்தைத் தந்த பிறகு காட்டுவன் எண்டு சொன்னவா. ஏனெண்டு எனக்குத் தெரியாது."

பிந்தி வருவோர் புத்தகம். ஆரணி புதுப் பள்ளிக்குப் போன முதல் கிழமை. பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில், அந்த நேர்த்தியான சாய்ந்த எழுத்தில், தன் பெயர். எட்டு நிமிடம் பிந்தி. காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: "ஏழு இருபது பஸ்ஸின் மேல்தட்டில் நேற்று இருந்தேன். ஒரு சிநேகிதி முன் தரிப்பிடத்தில் இறங்கிப் பின்தெருவால் போவதைக் கண்டேன். என்னைக் கண்டால் அவளுக்கு வெட்கமாகப் போகும். இன்று தொடக்கம் அடுத்த பஸ்."

அதற்குக் கீழே, அடுத்த நாள்: "அதே காரணம்." அதற்கடுத்த நாள்: "அதே காரணம்." பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முகம் தெரியாத நூறு பிள்ளைகளின் காரணங்களுக்கு நடுவே, ஒவ்வொரு நாளும், பியூலா, எட்டு நிமிடம், அதே காரணம்.

என்ன சனமப்பா என்று சொன்னவள் நான். சூசன் சொன்ன அதே பொய்யை, அதே சொற்களில், அதே மனுஷியிடம் கொண்டுபோய்ச் சொன்னவளும் நான். வீட்டுச் செருப்புவரை அதேதான். இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும். என்றாலும் என் முழங்கைக்கு மருந்து போட்டார், எங்கள் கொண்டாட்டங்களுக்கு வந்தார், ஆரணி பட்டம் பெற்ற நாளில் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

தெற்கு லண்டன் சட்டனில் ஆசிரியையாக இருக்கும் ஆரணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அம்மா, ஐ வுட்'வ் கோன் வித் யூ," என்றாள். "நான் உங்களோட வந்திருப்பன்."

இந்த அஞ்சலி ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அக்கா இருந்தால் வாங்கியிருக்கமாட்டார். அதனால் கோப்பில் இருந்த அந்த வெள்ளைத் தாளில், நீலப் பேனாவால், வேறாக எழுதியிருக்கிறேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை. எங்கள் வீடு எங்கே இருந்தது, எந்த விலாசத்தைக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம், உங்கள் வாசலுக்குள் நான் தினமும் கண்டது என்ன, வெளியே போய் அதைச் சொல்லாமல் விட்டது ஏன். நடந்தது மட்டும்தான். கீழே என் முழுப் பெயர். டெரக் அதைக் கோப்பில் வைத்துவிட்டான்.

நாளை, வெள்ளிக்கிழமை காலை, பழைய பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் தேவாலயத்தில் அவருக்கு இறுதி வழிபாடு. பள்ளி இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். தரிப்பிடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நேரத்தோடு வந்து கதிரை அடுக்க டெரக் என்னைக் கேட்டிருக்கிறான். ஏழு இருபது பஸ்ஸில் ஏறுவேன். மேல்தட்டில், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பேன். நான் இறங்கி ஒளித்த அந்த ஒரு தரிப்பிடத்தையும் தாண்டி வருவேன்.

இனி நீங்கள் வழி விடத் தேவையில்லை, அக்கா. நான் வாசலிலேயே இறங்கிறன்.